பெரில் பர்ட்டன் அம்மையார்

புகழ் பெற்றோர் வரலாறுகளை நோக்குமிடத்து, அவருட் பெரும்பாலார் அரசியல், போர், கல்வி, கலை, சமயம் ஆகிய துறைகளில் நின்று பெயர் நாட்டினவராகவே காணப்படுகின்றனர். உடல்வலிமையாற் சிறந்தோரை நாம் ஒருநாள் வியந்து பாராட்டி மறுநாள் மறந்துவிடுதல் இயல்பு. ஆயினும், கூலி வேண்டாது, கூட்டத்தாரின் ஆரவாரமும் வேண்டாது, தாம் மேற்கொண்ட ஒரு செயலைச் செவ்வனே முடித்தல் ஒன்றனையே கருதி வாழ்நாளைக் கழித்தோர் அத்துறையிலும் உளர். அவருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்து தேசத்துப் பெரில் பர்ட்டன் அம்மையார். மிதிவண்டிப் பந்தயத்தில் ஈடுபட்டோரிடை அவர் பெயரை அறியாதார் அரியர். நம் நாட்டிலோ அறிந்தார் மிகச் சிலரே. ஆதலின் அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

மிதிவண்டி நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் மேல்நிலை முதலாண்டு மாணாக்கர்க்கு அரசினர் விலையின்றி அதனை வழங்கி வருகின்றனர். 1991-ஆம் ஆண்டளவிற் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் நாட்டுப்புறப் பெண்டிர்க்குக் கற்பித்தமை பலரும் அறிந்த செய்தி. ஆனால், மிதிவண்டியின்மேல் அமர்ந்து கடிகாரத்தோடு போட்டியிடுங் காலப் பந்தயம் என்பது நம்மவர் பலர்க்கும் பழக்கமில்லாதது. அதனை அறியாதார்க்கு அம்மையாரின் பெருமை முற்றும் விளங்காது. ஆதலின் முதற்கண் அதனை விளக்குவோம்.

காலப் பந்தயம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச்சாலைகளில் மிதிவண்டிக்காரர் கூட்டங்கூட்டமாய்ப் பந்தயம் ஓடுவது வழக்கமாய் இருந்தது. 1894-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு பந்தயத்தில், எதிர்ப்பட்ட வண்டியொன்றன் குதிரை மிரண்டு குழப்பம் விளைந்தது. முறையீடு போலீசாரிடம் சென்றது. அரசினர் மிதிவண்டியையே தடுத்துவிடுவரோ என்று அஞ்சிய சங்கத்தார், சாலைப் பந்தயங்களைத் தாமே விலக்கினர். அவ்விலக்கிற்கு உபாயங் கண்டவர் பிட்லேக் என்பார். ஓட்டுநரை ஒருங்கே விடாது, இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராக அனுப்பி, குறித்த தூரத்தைக் கடக்க ஒவ்வொருவர்க்கும் ஆன நேரத்தைக் கடிகாரங்கொண்டு அளந்து, குறைந்த நேரத்திற் கடந்தாரை வென்றாராகக் கொள்வதே அவ்வுபாயம். 1895 அக்டோபர் 5-இல் 50 மைல் தூரத்திற்கு இவ்வகைப் பந்தயம் முதன்முதல் நடைபெற்றது. பிறர் கண்ணிற் படாதவாறு விடியற்காலையிற் புறப்படுதலும், கழுத்துமுதற் கணுக்கால்வரை கரிய உடை தரித்தலும், செல்லும் வழியைக் குறிமொழியால் மறைத்தலும் பின்பு வழக்கமாயின. நாளடைவில் அச்சம் நீங்கிற்று. தனித்தோடும் முறைமட்டும் அந்நாட்டில் வேரூன்றி நிலைத்துவிட்டது.

கூட்டமாய் ஓடும் பந்தயத்தில் முன் செல்வாரின் முதுகு காற்றைத் தடுத்தலால், பின் செல்வார் தம் ஆற்றலிற் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம். இறுதியில் முன்னே பாய்ந்து வெல்லலுமாம். காலப் பந்தயத்தில் அத்தகைய ஒதுக்கிடம் இல்லை. முன் செல்வாரை எட்டிப் பிடித்தாலும் அவர் பின்னே ஒண்டிச் செல்லுதல் விதிக்கு மாறாகும். ஆனி ஆடித் திங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேல்காற்றுக்கு எதிரே மிதிவண்டி மிதித்தார்க்கு இதன் பொருளைச் சொல்லவும் வேண்டுமோ! காற்றும் மேடும் களைப்பும் ஒருவர்க்கே உரியன. வெற்றி தோல்விக்குப் பிறரைக் காரணங் காட்டுதற்கு இடமில்லை.

இப்பந்தயங்கள் மார்ச்சுத் திங்களளவில் தொடங்கி, இலையுதிர்காலத்துக் குளிர் மிகும் அக்டோபரில் ஓயும். பெண்டிர்க்கு 25, 50, 100 மைல் தூரங்களில் அவ்வாண்டு பெற்ற சிறந்த வேகங்களைக் கூட்டிச் சராசரி கண்டு, முதல்வர் யாவர் என்று ஆண்டிறுதியில் அறிவிப்பர். தூரத்திற்குப் பதிலாக நேரத்தையே வரையறுத்து, 12 மணி நேரத்திற்குள் யார் மிகுதியான தூரஞ் சென்றார் என்று பார்க்கும் பந்தயமும் உண்டு. அம்மையாரின் பெயரை நிலைநிறுத்தியது பருவத்தின் கடைப்பகுதியில் நிகழ்ந்த அத்தகைய பந்தயம் ஒன்றே. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பிறப்பும் நோயும்

பெரில் அம்மையார் 1937-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் யார்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த லீட்ஸ் நகரிற் பிறந்தார். அவர் தந்தைவழிப் பெயர் சார்னக் என்பது. செல்வக் குடியிற் பிறந்தாரல்லர். பத்து வயதினைக் கடந்த அளவில் அவரைக் கொடிய நோயொன்று பற்றியது. மூட்டுக்களையும் இருதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சலும், அதனைத் தொடர்ந்து கைகால்கள் தம் வசமின்றித் துடிக்கும் நரம்பு நோயும் சேர்ந்து வருத்தின. ஒன்பது திங்கள் மருத்துவமனையிலும், பதினைந்து திங்கள் சவுத்போர்ட் என்னுங் கடற்கரையூரில் உடல் தேற்றும் இல்லத்திலும் அவர் கிடக்க நேர்ந்தது. பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. நோய் நீங்கிய பின்னரும் இருதயத்தின் துடிப்பு ஒழுங்குபடவில்லை. கடின உழைப்பு ஆகாதென மருத்துவர் எச்சரித்தனர். பின்னாளில் 12 மணி நேரம் இடையறாது மிதிக்கப்போகும் ஒருவர்க்கு இளமையிற் கிடைத்த அறிவுரை இதுவே!

இல்லறமும் பந்தயத் தொடக்கமும்

பதினைந்தாம் வயதிற் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற அம்மையார், சார்லி பர்ட்டன் என்னும் இளைஞரைச் சந்தித்தார். அவர் மிதிவண்டியில் ஆர்வமிக்கவர். 1955-இல் இருவரும் மணந்துகொண்டனர்; மறு ஆண்டின் தொடக்கத்தில் டெனிஸ் என்னும் மகள் பிறந்தாள். கணவரோடு மிதிவண்டிக் கழகத்திற்குச் சென்ற அம்மையார், முதலிற் பிறர் பின்னே இளைத்துச் செல்வாராகவும், சின்னாளில் அவர்க்கு நிகராகவும், பின்பு அவர்க்கு முன்னே செல்வாராகவும் ஆயினார். 1957-இல் 100 மைல் தேசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்.

ஈண்டுச் சார்லி என்பாரின் பண்பினையும் குறித்தல் வேண்டும். மனைவியின் ஆற்றல் தம்முடையதினும் பெரிதென்று கண்ட அளவில், அவர் தம் பந்தய ஆசையை அடக்கிக்கொண்டு, வண்டியைச் செப்பனிடுதல், வண்டியோட்டி அழைத்துச் செல்லுதல், சாலையோரம் நின்று உணவும் நீரும் கொடுத்தல் முதலிய பணிகளை ஏற்றார். வாழ்க்கைத்துணை என்பதற்குப் பெண்ணையே பொருளாகக் கொண்டு பேசிப் பழகிய நமக்கு, அச்சொல் இருபாலார்க்கும் உரியதென்பதனை அவர் வாழ்வு காட்டுகின்றது.

வயலில் உழைப்பு

இவர்கள் வாழ்ந்த மார்லி என்னும் ஊரின் சுற்றுப்புறம் ரூபார்ப் என்னும் புளிப்புத் தண்டுச் செடிக்குப் பெயர்பெற்றது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் ரேவல்சின்னிக் கிழங்கு இவ்வினத்தைச் சேர்ந்த செடியினின்றே பெறப்படுவது. அவ்வூரில் நிம் கார்லைன் என்பார் ரூபார்ப் பண்ணை வைத்திருந்தார். தாமும் நெடுந்தூர மிதிவண்டிப் பந்தயத்தில் வல்லவர். அவர் பண்ணையில் அம்மையார் கூலி வேலை செய்தார். உறைந்த நிலத்தைக் கொத்துதலும், மண்ணோடு கூடிய பெருங்கிழங்குகளைப் பெயர்த்துச் சுமத்தலும் அவர் வேலை. பகல் முழுதும் குனிந்து நிமிர்ந்த உடலோடு, எஞ்சிய பொழுதில் வீட்டு வேலையும் பயிற்சியும் முடித்தல் வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்களில் நாற்று நட்டும் கதிரறுத்தும் வந்து அடுப்பேற்றும் பெண்டிரைக் கண்ட நமக்கு, இவ்வுழைப்பின் கடுமை எளிதில் விளங்கும். அவரது வலிமைக்கு அவ்வயலே பயிற்சிக்கூடமாயிற்று.

உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் இவ்வாழ்க்கையை மாற்றிக்கொள்ளவில்லை. பணம் பெற்று ஓடுமாறு அழைப்பு வந்தபொழுது அதனை மறுத்தார். அக்காலத்துச் சட்டப்படி, ஊதியம் பெறுவார் ஊதியம் பெறாதாரோடு போட்டியிடல் இயலாது. பணத்தைக் கொண்டால் பந்தயத்தை இழத்தல் வேண்டும். பந்தயத்தைக் கொண்டால் பணத்தை இழத்தல் வேண்டும். அவர் பின்னதையே தேர்ந்தார். இறுதிவரை ஊதியம் பெறாப் பந்தயக்காரராகவே விளங்கினார்.

வெற்றிகள்

1959-இல் பெல்ஜியத்தில் நிகழ்ந்த உலகப் போட்டியில், வட்டத் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்தும் 3000 மீட்டர்ப் பந்தயத்தில் அம்மையார் முதலிடம் பெற்றார். 1960, 1962, 1963, 1966 ஆகிய ஆண்டுகளிலும் அதனையே வென்றார். 1960-இலும் 1967-இலும் சாலைப் பந்தயத்திலும் உலக முதல்வரானார். ஆக உலகப் பட்டங்கள் ஏழு. தம் நாட்டிலோ, தேசியக் காலப் பந்தயங்களில் மட்டும் 72 முறை தனியாளாக முதலிடம் பெற்றார். 25 மைலை ஒரு மணி நேரத்திற்குட் கடந்த முதற் பெண்மணி அவரே. அஃது 1963-இல் நிகழ்ந்தது. ஆடவருள் 100 மைலை 4 மணி நேரத்திற்குள் முதலிற் கடந்தவர் ரே பூட்டி என்பார், அவ்வாண்டு 1956. பன்னிரண்டே ஆண்டு கழித்து, 1968-இல், அம்மையார் அதே தூரத்தை 3 மணி 55 நிமிடம் 5 வினாடியில் முடித்தார்.

இவை யாவற்றினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. மேலே யாம் கூறிய ஆண்டு முதல்வர் பட்டத்தை அவர் 1959 முதல் 1983 வரை, ஓராண்டும் விடாது, 25 முறை பெற்றார். முதற் பட்டம் பெறுங்கால் அவர்க்கு வயது 22. இறுதிப் பட்டம் பெறுங்கால் 46. ஓராண்டு வெல்லுதற்கு ஆற்றல் போதும். இருபத்தைந்து ஆண்டு வெல்லுதற்கு, ஒவ்வொரு மார்ச்சுத் திங்களிலும் முன்னாண்டுப் புகழை மறந்து, புதிதாய்த் தொடங்கும் மனம் வேண்டும். அரசாங்கத்தார் 1964-இலும் 1968-இலும் அவர்க்கு விருதுகள் அளித்துப் பெருமைப்படுத்தினர்.

பன்னிரண்டு மணிப் பந்தயம்

இனி, 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாளுக்கு வருவோம். அஃது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாஞ்சில் நாட்டிற் கன்னிப்பூ அறுவடை நடக்கும் பருவம். யார்க்ஷயரிலோ பந்தயப் பருவம் முடியுங் காலம். அதற்கு இரண்டே வாரங்களுக்கு முன்புதான் அம்மையார் ஹாலந்து நாட்டு ஹீர்லென் நகரில் உலகச் சாலைப் பட்டத்தை வென்று மீண்டிருந்தார். வேறொருவராயின் அவ்வாண்டிற்கு அதுவே அமையும் என்று ஓய்ந்திருப்பர். அவரோ ஆட்லி மிதிவண்டிக் கழகத்தார் நடத்திய 12 மணிப் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்தார்.

அன்று 99 ஆடவர் முதலில் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டனர். அவருள் இறுதியிற் சென்றவர் மைக் மெக்நமாரா. அவர் சென்று இரண்டு நிமிடங் கழித்து அம்மையார் புறப்பட்டார். பெண்டிர் பந்தயம் வேறு, ஆடவர் பந்தயம் வேறு. ஆயினும் சாலை ஒன்றே, கடிகாரமும் ஒன்றே. மணிகள் செல்லச் செல்ல அம்மையார் முன் சென்ற ஆடவரை ஒவ்வொருவராகக் கடந்தார். மெக்நமாரா அன்று தளர்ந்தவரல்லர். ஆடவர்க்குரிய முந்தைய எல்லையைக் கடக்கும் வேகத்திலேயே சென்றுகொண்டிருந்தார். எனினும் இருநூறு மைலுக்கு மேற்பட்ட ஓரிடத்தில், அவர் முதுகு அம்மையாரின் கண்ணுக்குத் தென்பட்டது.

அவரை அணுகிய கணத்தில் அம்மையார்க்கு மகிழ்ச்சியினும் தயக்கமே மிகுந்ததாம். அருமையாக ஓட்டிச்செல்லும் ஒருவரை வாய் பேசாது கடந்து செல்லுதல் முறையன்று. தேற்றுமொழி கூறுதலோ அவரை மேலும் வருத்தும். யாது செய்வார்! சட்டைப்பையில் வழியுணவாகக் கொண்டுவந்த, அதிமதுரச் சாறு கலந்து செய்த இங்கிலாந்து மிட்டாய் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து நீட்டினார். மெக்நமாரா அதனை வாங்கி நன்றி கூறி வாயிலிட்டுக்கொண்டார். அம்மையார் முன்னே சென்றார். பந்தய உலகில் இன்றளவும் வழங்கிவரும் நிகழ்ச்சி இஃது.

12 மணி முடிவில் மெக்நமாரா கடந்த தூரம் 276.52 மைல்; ஆடவருள் அதுகாறும் ஒருவரும் அவ்வளவு தூரஞ் சென்றதில்லை. அம்மையார் கடந்ததோ 277.25 மைல், ஏறத்தாழ 446 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பதினொரு முறை போய்ப் பதினொரு முறை திரும்பும் தொலைவு என்று நம்மவர் மதிப்பிட்டுக்கொள்ளலாம். ஆடவர்க்குரிய எல்லையை ஒரு பெண், அதே நாளில் அதே சாலையில் மிஞ்சியமை எவ்விளையாட்டிலும் காண்டற்கரியது. 1969 வரை ஆடவர் ஒருவரும் அவ்வளவினைக் கடக்கவில்லை. பெண்டிருள் அதனைக் கடந்தார் தோன்ற 2017 வரை, ஐம்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாயும் மகளும்

பெரியோர் வரலாற்றை எழுதுவார் குறைகளை மறைத்துக் குணங்களையே கூறுதல் உண்டு. அஃது உண்மைக்கும் ஆகாது. அப்பெரியோரை நாம் நெருங்கி அறிதற்கும் ஆகாது. அம்மையாரின் உள்ளம் தோல்வியைத் தாங்கப் பழகாதது. மகள் டெனிஸும் தாயின் வழியே சென்று சிறந்த பந்தயக்காரரானார். 1976-இல் நிகழ்ந்த தேசியச் சாலைப் பந்தயத்தில் தாயும் மகளும் முன்னணியில் ஓடினர். இறுதிக் கோட்டில் மகளே வென்றார். வெற்றி மேடையில் மகளோடு கைகுலுக்கத் தாய் மறுத்துவிட்டார். காற்றை எதிர்த்து முன்னே செல்லும் உழைப்பில் மகள் தம் பங்கைச் செய்யவில்லை என்பது அவர் மனக்குறை. தனித்தோடும் பந்தயத்தின் அறத்தையே எங்கும் எதிர்பார்த்தமையால் வந்த வினை இது எனலாம். கண்டோர் வருந்தினர், அம்மையாரும் பின்பு அதனைத் தமக்குப் பெருமை தருவதாகக் கருதவில்லை.

ஆயினும் அப்பிணக்கு நிலைக்கவில்லை. 1982-இல் இருவரும் இரட்டை மிதிவண்டி ஒன்றில் முன்னும் பின்னுமாக அமர்ந்து, 10 மைலை 21 நிமிடம் 25 வினாடியிற் கடந்து, தம் நாட்டில் அத்தூரத்திற்குரிய புதிய எல்லையை நாட்டினர். ஒரே வண்டியில் இருவர் செல்லுங்கால் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. மேடையிற் சேராத கைகள் அவ்வண்டியிற் சேர்ந்தன.

இறுதி

வயது ஏற ஏற வெற்றிகள் அருகின. எனினும் அவர் ஓய்வை நாடவில்லை. இளையோர் பலர் தம்மை முந்திச் செல்லும் நிலையிலும், தொடக்கக் கோட்டில் எண் அணிந்து நின்றார். முன்பு முதல்வராய் இருந்த இடத்தில் பிற்காலத்திற் பலருள் ஒருவராய் நிற்றல் எளிதன்று. புகழுக்காகவே ஓடினாராயின் அதனைச் செய்யார். 1996 மே மாதம் 5-ஆம் நாள், தம் 59-ஆம் பிறந்தநாள் விருந்திற்குரிய அழைப்பிதழ்களை நண்பர் வீடுகளுக்குக் கொடுக்க மிதிவண்டியிற் சென்றுகொண்டிருந்தபொழுது, இருதயம் ஓய்ந்து சாலையிலேயே உயிர் நீத்தார். இளமையில் மருத்துவர் ஐயுற்ற அந்த இருதயம் அதுவரை அவரைச் சுமந்து வந்தது.

ஈண்டு ஒன்று கூறாது விடுதல் பொருந்தாது. அம்மையார் உலகில் ஒப்பாரின்றி விளங்கிய நாளில், ஒலிம்பிக் விழாவில் பெண்டிர்க்கு மிதிவண்டிப் பந்தயமே இல்லை. 1984-இல் முதன்முதற் சாலைப் பந்தயம் சேர்க்கப்பட்டபொழுது அவர்க்கு வயது 47. அவர்க்கே உரியதாகிய காலப் பந்தயத்திற் பெண்டிர்க்கு உலகப் பட்டம் ஏற்பட்டது 1994-இல். ஒலிம்பிக் விழாவில் அது சேர்ந்தது 1996-இல். அவ்விழா நடந்தபொழுது அவர் மறைந்து மூன்று திங்கள்கூட நிரம்பவில்லை. தமக்குத் திறக்கப்படாத வாயிலின்முன் நின்று முறையிட்டுக் காலங்கழியாது, திறந்திருந்த சாலையில் அவர் ஓடினார். வாயிலைத் திறவாதிருந்தது பிறர் பிழை; அதனாற் குறைந்தது விழாவின் பெருமையேயன்றி அம்மையாரின் பெருமையன்று.

வள்ளுவனார் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்து முயற்சியைச் சிறப்பித்தார். அதனைத் தேர்வுக்காகப் பயிலும் நாம், முயற்சியின் பயன் யாது என்ற வினா எழுங்கால் மதிப்பெண்ணையும் பரிசையும் பதவியையுமே எண்ணுகின்றோம். தமிழ் பயில்வாரை நோக்கி இதனாற் கிடைக்கும் வேலை யாது என்று வினவுவார் இன்றும் பலர். வயிற்றுப்பாட்டிற்கு வழி தேடுதல் இழுக்கன்று. அம்மையாரும் பண்ணையில் உழைத்தே உண்டார். ஆயினும், உண்பதற்கு ஒரு தொழிலும், உள்ளத்தை ஒப்படைத்தற்கு ஒரு செயலும் ஒருவர்க்கே இருத்தல் கூடும் என்பதனையும், பின்னதைச் செய்வார்க்கு அதனை நன்கு செய்தலே கூலி என்பதனையும் அவர் வாழ்ந்து காட்டினார். நம்முள் ஒவ்வொருவரும் அத்தகைய செயலொன்றைக் கண்டு, ஆண்டுதோறும் அதனைப் புதிதாய்த் தொடங்கும் மனமும் பெறுவோமாயின், இவ்வரலாற்றை எழுதிய எமது உழைப்பும் வீணாகாது.